டி.ஓ. என்றால் கண் டாக்டர்தானே? முழங்காலை அவரிடம் காட்டலாமா?

ராஜபாளையத்தார்

எல்லோருக்கும் வணக்கம். நியூ ஜெர்சியில் எடிசன் என்ற ஊரில், மகள் வீட்டில் ஆறு மாத விருந்தாளியாக இருக்கிறேன். வயது 67. மின்வாரியத்தில் கணக்குப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன். இரண்டு வாரமாகப் படி இறங்கும்போது வலது முழங்கால் குத்துகிறது. மாப்பிள்ளை ஒரு டாக்டரிடம் அப்பாயின்ட்மென்ட் வாங்கித் தந்தார். நேற்று மகள் அந்த டாக்டரின் படத்தைத் திறந்து காட்டினாள். பெயருக்குப் பின்னால் 'டி.ஓ.' என்று மட்டும் இருக்கிறது. எம்.பி.பி.எஸ். கூடக் காணோம்.

எங்கள் ஊரில் எனக்குக் கண்புரை ஆபரேஷன் செய்தவரின் போர்டில் 'எம்.பி.பி.எஸ்., டி.ஓ.' என்று இருக்கும். எனக்குத் தெரிந்து டி.ஓ. என்றால் கண். முழங்காலைக் கொண்டுபோய்க் கண் டாக்டரிடம் காட்டுவதா? மகளைக் கேட்டால் "அப்பா, அது இங்கே வேற" என்கிறாள். என்ன வேறு என்று கேட்டால் கூகுளில் பார்த்துக்கொள்ளச் சொல்கிறாள். கூகுளோ எலும்பைத் திருகுகிற வைத்தியம் என்று ஏதோ சொல்லிப் பயமுறுத்துகிறது. வர்மம் மாதிரியா? வியாழக்கிழமை போக வேண்டும். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மறுபடியும்_முதல்வருஷம்

சார், தைரியமாகப் போங்கள். அவர் கண் டாக்டரும் இல்லை, அரை டாக்டரும் இல்லை.

நம் ஊர் டி.ஓ. என்பது எம்.பி.பி.எஸ். முடித்த பிறகு கண் மருத்துவத்தில் 2 வருஷம் படிக்கும் டிப்ளமா. அமெரிக்காவின் டி.ஓ., அதாவது 'டாக்டர் ஆஃப் ஆஸ்டியோபதிக் மெடிசின்', அடிப்படை மருத்துவப் பட்டம். எழுத்து ஒன்றாக அமைந்தது தற்செயல்தான். இங்கே டாக்டர் ஆக இரண்டு வாசல்: எம்.டி., டி.ஓ. எதில் நுழைவதானாலும் முதலில் கல்லூரியில் 4 வருஷம் படித்து ஏதாவது ஒரு பட்டம் வாங்கியிருக்க வேண்டும். அறிவியல் பட்டம்தான் வேண்டும் என்பதில்லை, வேண்டிய அறிவியல் பாடங்களை முடித்திருந்தால் போதும். என்னோடு வேலை பார்த்த ஒருவர் இசையில் பட்டம் வாங்கியவர். அப்புறம் 4 வருஷம் மருத்துவக் கல்லூரி. அதற்கும் பிறகு ரெசிடென்சி, அதாவது மருத்துவமனையில் வேலை பார்த்துக்கொண்டே துறைப் பயிற்சி. குடும்ப மருத்துவம், பொது மருத்துவம், குழந்தை மருத்துவம் என்றால் 3 வருஷம், பொது அறுவை 5, மூளை நரம்பு அறுவை 7. ஆக உங்கள் முழங்காலைப் பார்க்கப்போகிறவர் பள்ளி முடித்துக் குறைந்தது 11 வருஷம் படித்தும் பயிற்சி எடுத்தும் வந்தவர்.

எலும்புத் திருகல் விஷயத்துக்கு வருகிறேன். ஆண்ட்ரூ டெய்லர் ஸ்டில் என்று ஒரு டாக்டர். 1864இல் மூளைக்காய்ச்சலில் அவருடைய மூன்று பிள்ளைகள் அடுத்தடுத்துப் போய்விட்டார்கள். அந்தக் காலத்து மருந்துகள் பாதி விஷம், பாதரசமெல்லாம் கொடுப்பார்கள். மருந்தில் அவருக்கு நம்பிக்கை விட்டுப்போனது. எலும்பும் தசையும் சரியாக இருந்தால் உடம்பு தன்னையே பார்த்துக்கொள்ளும் என்று சொல்லி, மிசௌரி மாநிலத்தில் கிர்க்ஸ்வில் என்ற சின்ன ஊரில் 1892இல் ஒரு கல்லூரி தொடங்கினார். அதிலிருந்து வந்ததுதான் டி.ஓ. அவர் அன்று சொன்னதில் பாதி இன்று நிற்காது. இப்போதைய டி.ஓ. கல்லூரிகள் மற்ற எல்லாக் கல்லூரிகளையும் போல மருந்து, அறுவை எல்லாம் கற்றுக்கொடுக்கின்றன. கூடுதலாக ஏறத்தாழ 200 மணி நேரம், கையால் அழுத்தியும் நீட்டியும் தசையையும் மூட்டையும் இளக்குகிற பயிற்சி உண்டு. பட்டம் வாங்கியதும் அதை மறந்துபோனவர்களே அதிகம் என்று என் டி.ஓ. நண்பர்களே சொல்வார்கள்.

கூகுள் உங்களுக்குக் காட்டியது அநேகமாக இங்கிலாந்து ஆஸ்டியோபத் ஆக இருக்கும். அங்கே அந்தப் பெயர் கொண்டவர் மருந்து எழுதும் டாக்டர் அல்ல, அது தனித் தொழில். பெயர் ஒன்று, ஆள் வேறு.

சும்மா_பார்ப்பவன்

அப்படியானால் அமெரிக்காவில் எம்.டி. பெரிதா, டி.ஓ. பெரிதா? கல்யாணப் பத்திரிகையில் எதைப் போட்டால் மரியாதை?

மறுபடியும்_முதல்வருஷம்

வருத்தமான விஷயம், இங்கேயும் இந்தக் கேள்வி இருக்கிறது. ரொம்ப நாள் எம்.டி.காரர்கள் டி.ஓ.காரர்களைப் பக்கத்தில் சேர்க்கவில்லை. கலிபோர்னியா கதைதான் வேடிக்கை. 1961இல் இரண்டு சங்கங்களும் அங்கே ஒன்றாகச் சேர்ந்தன. டி.ஓ.காரர்கள் 65 டாலர் கட்டி, ஒரு சின்ன வகுப்புக்குப் போய்வந்தால் எம்.டி. என்று போட்டுக்கொள்ளலாம் என்றார்கள். ஏறத்தாழ 2,000 பேர் அப்படி மாறினார்கள். நேற்று வரை போலி என்று சொல்லப்பட்டவர் இன்று காலை 65 டாலரில் அசல் ஆகிவிட்டார். அதற்கு மேல் புதிதாக டி.ஓ. உரிமம் தருவதில்லை என்று மாநிலம் மூடிவிட்டது. 1974இல் நீதிமன்றம் போய்த்தான் மறுபடி திறந்தார்கள்.

இப்போது அந்தச் சண்டை பெரும்பாலும் ஓய்ந்துவிட்டது. 2020இலிருந்து இரண்டு பேருக்கும் ரெசிடென்சி அங்கீகாரம் ஒரே அமைப்பின் கீழ்தான். இங்கே மருத்துவம் படிக்கும் மாணவரில் நான்கில் ஒருவர் டி.ஓ. கல்லூரியில் இருக்கிறார். தோல் மருத்துவம், சில அறுவைத் துறைகள் போல அடிதடி நடக்கும் இடங்களில் மட்டும் எம்.டி.க்குக் கொஞ்சம் சாய்வு இன்னும் உண்டு.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன், என் பெயரே அதுதான். மதுரையில் எம்.பி.பி.எஸ்., அதன்பின் குழந்தை மருத்துவத்தில் எம்.டி. 3 வருஷம். கல்யாணமாகி இங்கே வந்தேன். ஊரில் வாங்கிய எம்.டி.யை இங்கே யாரும் ரெசிடென்சிக்குப் பதிலாக எடுத்துக்கொள்ளவில்லை. தேர்வுகள் எழுதி, 34 வயதில் மறுபடி முதல் வருஷம். என் சீனியர் என்னைவிட ஆறு வயது இளையவர், டி.ஓ. முதல் வாரம் கம்ப்யூட்டரில் மருந்து ஆர்டர் போடத் தெரியாமல் நான் முழித்தபோது பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தார். அதே வாரம் ஒரு குறைமாதக் குழந்தைக்கு நரம்பு கிடைக்கவில்லை. நான்கு பேர் முயன்று பார்த்துவிட்டார்கள். ஊரில் எங்களுக்கு அது தினசரி வேலை. டார்ச்சை உள்ளங்கைக்குக் கீழே பிடித்து ஒரே குத்தில் ஊசியை ஏற்றினேன். நர்ஸ் என்னைப் பார்த்த பார்வையில் பாராட்டு பாதி, "இது என் வேலை ஆயிற்றே" பாதி. என் சீனியருக்கு அது வராது. எனக்கு அந்தக் கம்ப்யூட்டர் இன்னும் முழுசாக வரவில்லை.

சும்மா_பார்ப்பவன்

எம்.டி. பற்றிப் பேச்சு வந்ததால் கேட்கிறேன். எங்கள் தெருவில் புதிதாக ஒரு டாக்டர் கிளினிக் திறந்தார். போர்டில் 'எம்.டி.' அம்மாவுக்குச் சர்க்கரை, ரத்தக்கொதிப்பு இரண்டும் உண்டு. எம்.டி. டாக்டர் பக்கத்திலேயே வந்துவிட்டார் என்று ஒரு வருஷம் அவரிடம் காட்டினோம். அப்புறம்தான் தெரிந்தது, அவர் வெளிநாட்டில் படித்து வந்தவர், அந்த எம்.டி. நம் எம்.பி.பி.எஸ்.ஸுக்குச் சமம் என்று. ஆள் தங்கமானவர், குறை சொல்ல மாட்டேன். ஆனால் எங்களை ஏமாற்றினாரா இல்லையா?

நைட்டியூட்டி

பொது மருத்துவம் எம்.டி. முடித்துவிட்டு ஓர் அரசு மருத்துவமனையில் இருப்பவன். இதற்கு நான் பதில் சொல்கிறேன்.

எம்.டி. என்ற இரண்டு எழுத்துக்கு ஊருக்கு ஊர் அர்த்தம் வேறு. இந்தியாவில் எம்.பி.பி.எஸ். நாலரை வருஷம் படிப்பு, ஒரு வருஷம் ஹவுஸ் சர்ஜன் வேலை. அதற்குப் பிறகு நீட் பி.ஜி. என்ற மேற்படிப்பு நுழைவுத் தேர்வு எழுதி 3 வருஷம் படித்தால் எம்.டி., அறுவைத் துறை என்றால் எம்.எஸ். இதயம், சிறுநீரகம், நரம்பு என்று இன்னும் உள்ளே போக மேலும் 3 வருஷம்: டி.எம்., அறுவையில் எம்.சி.ஹெச். ஆக நம் ஊரில் எம்.டி. என்பது இரண்டாவது மாடி. அமெரிக்காவிலும் பிலிப்பைன்ஸிலும் அது தரைத்தளம். ரஷ்யா பக்கம் படித்து 'எம்.டி. (பிசிஷியன்)' என்று வாங்கி வருவதும் தரைத்தளம்தான். வெளிநாட்டில் படித்தவர் இங்கே தொழில் செய்ய ஸ்கிரீனிங் தேர்வு எழுத வேண்டும். 2002இலிருந்து நடக்கிறது. 300க்கு 150 எடுத்தால்தான் பாஸ். சட்டென்று தாண்டிவிடக்கூடிய தேர்வு அல்ல. அதைத் தாண்டிப் பதிவு செய்தவர் முறையான டாக்டர், சந்தேகமே வேண்டாம். ஆனால் போர்டில் வெறும் எம்.டி. என்று போட்டால் நம் ஜனங்கள் இரண்டாவது மாடி என்றுதான் நினைப்பார்கள். அது அவருக்கும் தெரியும். ஏமாற்றினாரா என்று கேட்டால், எழுத்தில் பொய் இல்லை, போர்டில் பொய் உண்டு என்பேன்.

லிவர்பூல்_மழை

இங்கிலாந்தில் எம்.டி. என்பது ஆராய்ச்சிப் பட்டம். இரண்டு மூன்று வருஷம் ஆய்வு செய்து தீசிஸ் எழுதி வாங்குவது, பிஎச்.டி.க்குத் தம்பி மாதிரி. நான் இங்கே வந்த புதிதில் பெயருக்குப் பின்னால் எம்.டி. என்று போட்டிருந்தேன். என் கன்சல்டண்ட், அதாவது மேலே இருக்கும் நிபுணர், ரொம்ப மரியாதையாக "எதில் ஆராய்ச்சி?" என்று கேட்டார். நான் பொது மருத்துவம் என்றேன். அவர் அதற்குள் எந்தப் பகுதி என்றார். பத்து நிமிஷம் இரண்டு பேரும் வேறு வேறு விஷயம் பேசிக்கொண்டிருந்தோம்.

இன்னொன்று கேளுங்கள். இங்கே அறுவை மருத்துவரை டாக்டர் என்று கூப்பிட்டால் சிலருக்குக் கோபம் வரும். 'மிஸ்டர்' என்றுதான் சொல்ல வேண்டும். ஒரு காலத்தில் கத்தி பிடித்தவர்கள் நாவிதர்களோடு ஒரே சங்கத்தில் இருந்தார்கள். 1540இல் ஏற்பட்ட சங்கம், 1745இல்தான் பிரிந்தார்கள். பட்டம் வாங்கிய டாக்டர்கள் அன்று அவர்களைக் கீழே வைத்திருந்தார்கள். அன்றைய இளக்காரத்தை இன்று மகுடமாக வைத்திருக்கிறார்கள். ஐந்து வருஷம் படித்து டாக்டர் ஆகி, இன்னும் தேர்வெழுதி அறுவைக் கல்லூரியின் உறுப்பினர் ஆனதும் மறுபடி மிஸ்டர். என் மாமியாருக்கு இதை விளக்க முடியவில்லை. "உன் தோழி புருஷனுக்கு டாக்டர் பட்டத்தைப் பிடுங்கிட்டாங்களா?" என்று கேட்டார்.

பயிற்சி இங்கே மெதுவாக நகரும். படிப்புக்குப் பிறகு 2 வருஷம் ஃபவுண்டேஷன் என்ற அடிப்படைப் பயிற்சி. குடும்ப டாக்டர் ஆக இன்னும் 3 வருஷம், தனித் தேர்வு. கன்சல்டண்ட் ஆக அதைவிட இரு மடங்கு காலம் பிடிக்கும். நம் ஊரில் எம்.பி.பி.எஸ். முடித்து வேறு எதுவும் கிடைக்காதவர்தான் ஜி.பி., அதாவது குடும்ப டாக்டர், என்று நினைப்போம். இங்கே ஜி.பி. ஆவதே ஒரு துறை. இந்த ஒரு விஷயத்தில் நாம் பிடிவாதமாகப் பின்தங்கியிருக்கிறோம் என்பது என் கருத்து. சண்டைக்கு வரலாம்.

பொதிகை_மூலிகை

எம்.டி. பட்டியலில் எங்களை விட்டுவிட்டீர்கள். நான் சித்த மருத்துவர். பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரியில் பி.எஸ்.எம்.எஸ்., அதுவும் நாலரை வருஷமும் ஒரு வருஷப் பயிற்சியும்தான். பிறகு 3 வருஷம் எம்.டி. (சித்தா). பாளையங்கோட்டைக் கல்லூரி 1964இலிருந்து இருக்கிறது. தாம்பரம் சானடோரியத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் 2005இல் வந்தது. உடற்கூறு, உடலியங்கியல் எல்லாம் நாங்களும் படிக்கிறோம். சடலத்தை அறுத்துப் படிக்கிறோம்.

என் போர்டில் 'சித்தா' என்பதைப் பெயருக்குச் சமமான அளவில்தான் எழுதச் சொன்னேன். பெயின்டர் அதைச் சின்னதாகப் போடலாம், எல்லோரும் அப்படித்தான் போடுகிறார்கள் என்றார். வேண்டாம் என்றேன். நுரையீரலில் நீர் கோத்து வருகிறவரை நான் வைத்துக்கொள்ளக் கூடாது. கரப்பான் என்கிற தோல் நோயும் நாட்பட்ட மூட்டுவலியும் என்னிடம் வரலாம். அடைப்புக்குறிக்குள் இருக்கும் அந்த வார்த்தையைப் பார்த்துத்தான் நோயாளி வாசல் ஏற வேண்டும். ராஜபாளையத்தார் ஐயா, வர்மம் மாதிரியா என்று கேட்டீர்கள். வர்மத்தில் அழுத்தும் இடமும் கணக்கும் வேறு. கையால் தொட்டுப் பார்ப்பது மட்டும் பொது. அதைச் செய்கிற டாக்டர் கிடைத்தால் விடாதீர்கள்.

சும்மா_பார்ப்பவன்

எங்கள் பெரியப்பா காலத்தில் 'எல்.எம்.பி. டாக்டர்' என்று ஒருவர் எங்கள் ஊரில் இருந்தாராம். சுற்றுவட்டாரத்துக்கே அவர்தான் பிரசவம் பார்ப்பாராம். அது என்ன பட்டம்?

நைட்டியூட்டி

அந்தக் காலத்துக் குறுகிய படிப்பு. பல்கலைக்கழகப் பட்டம் கிடையாது, உரிமம் மட்டும். வேலூரில் ஐடா ஸ்கடர் 1918இல் பெண்களுக்காகத் தொடங்கிய மருத்துவப் பள்ளி அப்படி எல்.எம்.பி.க்குத்தான் ஆள் தயார் செய்தது. எம்.பி.பி.எஸ். அங்கே 1942இல்தான் வந்தது. அதற்கு முன்பே முத்துலட்சுமி ரெட்டி 1912இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் வாங்கியது 'எம்.பி. அண்ட் சி.எம்.' அதுதான் அன்றைய பெரிய பட்டம். 1946இல் ஜோசப் போர் (Bhore) என்பவர் தலைமையிலான அரசுக் குழு, நாடு முழுக்க ஒரே தரத்தில் ஒரே அடிப்படை டாக்டர் போதும் என்று சொன்னது. குறுகிய படிப்பு மெல்ல மறைந்தது. கிராமத்துக்கு டாக்டர் இல்லை என்ற பேச்சு வரும்போதெல்லாம் அந்த மூன்று எழுத்தை யாராவது தோண்டி எடுப்பார்கள்.

மானிப்பாயான்

இந்தக் கதை எங்கட பக்கம் வராமல் முடியாது. யாழ்ப்பாணத்தில் எங்கள் அம்மம்மா கடைசி வரை 'அப்போதிக்கரி ஐயா' என்றுதான் சொல்லுவா. வைத்தியபீடத்தில் படிக்காமல், சில வருடப் பயிற்சி எடுத்துச் சிறிய அரசாங்க ஆஸ்பத்திரிகளை நடத்தினவர்கள். ஊரில் அவர்களுக்கு இருந்த மதிப்பு இன்றைக்குக் கொழும்பில் இருந்து ஞாயிற்றுக்கிழமை மட்டும் வந்து போகிற நிபுணருக்கு இல்லை.

இன்னும் பின்னுக்குப் போனால் எங்கள் ஊருக்கே ஒரு பெருமை உண்டு. சாமுவேல் ஃபிஸ்க் கிரீன் என்ற அமெரிக்க மிஷன் வைத்தியர் 1847இல் யாழ்ப்பாணம் வந்து, பிறகு மானிப்பாயில் இருந்து மேல்நாட்டு வைத்தியம் படிப்பித்தார். முதலில் ஆங்கிலத்தில். ஆங்கிலத்தில் படித்தவர்கள் கிராமத்தில் நிற்காமல் உத்தியோகம் தேடிப் போய்விடுகிறார்கள் என்று கண்டதும், தமிழுக்கு மாற்றினார். பாடநூல்களைத் தமிழில் எழுதுவித்தார். இரசாயனத்துக்கு அவர்கள் வைத்த பெயர் 'கெமிஸ்தம்', 1875இல் அச்சில் வந்தது. அறுபதுக்கும் மேற்பட்ட ஆட்களைப் பயிற்றுவித்தார். அவர்களுக்கு இன்றைய கணக்கில் என்ன பட்டம் என்று கேட்டால் ஒன்றும் இல்லை. ஆனால் காலை உடைத்துக்கொண்டு வந்தவனுக்கு அவன் மொழியிலேயே என்ன நடக்கப்போகிறது என்று சொல்லத் தெரிந்தவர்கள்.

இப்போதைய இலங்கை முறையையும் சொல்லுகிறேன். எம்.பி.பி.எஸ். 5 வருடம், ஒரு வருட உள்ளகப் பயிற்சி. நிபுணர் ஆக, கொழும்புப் பல்கலைக்கழகத்தின் பட்டப்பின் மருத்துவ நிறுவனத்தில் எம்.டி. எங்களிடம் எம்.டி. எடுத்தாலும் உடனே நிபுணர் இல்லை. மேலே பயிற்சி, அதில் ஒரு பகுதி கட்டாயம் வெளிநாட்டில், பிறகுதான் போர்ட் சான்றிதழ். வெளிநாட்டுக்குப் பயிற்சிக்குப் போனவர் திரும்பி வராமல் விட்டால் என்ன செய்வது என்பது எங்கள் நாட்டுக்கு எப்போதும் இருக்கிற தலையிடி.

டிரஸ்ட்_ஆஸ்பத்திரி

டி.என்.பி. பற்றி யாரும் வாயே திறக்கவில்லையே. நான் அதுதான், பொது மருத்துவம். தேசியத் தேர்வு வாரியம் நடத்துவது, மருத்துவக் கல்லூரியில் இல்லாமல் அங்கீகாரம் பெற்ற மருத்துவமனையில் 3 வருஷப் பயிற்சி. எங்கே போனாலும் "ஓ, எம்.டி. இல்லையா?" என்று ஒரு 'ஓ' வரும். எங்கள் பிராக்டிகல் தேர்வு வேறு ஊரில், முன்பின் தெரியாத எக்ஸாமினர், தெரியாத வார்டு. எம்.டி.காரர்களுக்குச் சொந்தக் கல்லூரி, நான்கு பேரில் இரண்டு பேர் சொந்த வாத்தியார்கள். யாருக்குக் கஷ்டம்?

நைட்டியூட்டி

தேர்வு உங்களுக்குக் கஷ்டம், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பயிற்சி என்பது தேர்வு மட்டும் இல்லையே சார்.

எங்கள் யூனிட்டுக்கு அட்மிஷன் டே என்றால் காலை 8 மணியிலிருந்து மறுநாள் காலை 8 மணி வரை வருகிற கேஸ் எல்லாம் எங்களுக்கு. டெங்கு சீசனில் கட்டில் தீர்ந்து பாய் விரிப்போம். முதல் வருஷப் பி.ஜி. மாணவர்தான் ரத்தம் எடுக்க வேண்டும், ரத்த வங்கிக்கு ஓட வேண்டும், உறவினரிடம் பேச வேண்டும். என் முதல் அட்மிஷன் டே இரவில் ஒரு பாம்புக்கடி. கரும்புக்காட்டில் வேலை பார்த்த அம்மா, கணுக்கால் வீங்கியிருந்தது. சுத்தமான கண்ணாடிக் குழாயில் 2 மில்லி ரத்தத்தை எடுத்து மேஜை ஓரத்தில் வைத்து, 20 நிமிஷம் அதை யாரும் தொடாமல் காவல் இருந்தேன். சாய்த்துப் பார்த்தால் தண்ணீர் மாதிரி ஓடியது. உறையவில்லை. அசிஸ்டென்ட் புரொபசர் எட்டிப் பார்த்து "விஷமுறிவு ஆரம்பி" என்று ஒரு வார்த்தைதான் சொன்னார். விடிவதற்குள் அந்தச் சோதனையை இன்னும் மூன்று தடவை செய்தேன். அந்த வருஷம் முடிவதற்குள் நாற்பது பாம்புக்கடிக்கு மேல் பார்த்துவிட்டேன். உங்கள் மருத்துவமனையில் எத்தனை?

டிரஸ்ட்_ஆஸ்பத்திரி

மூன்று வருஷத்தில் மூன்று. மறைக்கவில்லை.

ஆனால் எங்கள் வார்டில் ஒரு கட்டிலுக்கு ஒரு நோயாளி. ஒவ்வொருவருக்கும் முழுசாகக் கேஸ் ஷீட் எழுதினேன். என் கன்சல்டண்ட் தினமும் ஒரு மணி நேரம் பக்கத்தில் உட்கார வைத்து எக்கோ என்ற இதய ஸ்கேன் பார்க்கக் கற்றுக்கொடுத்தார். ஒருவருக்கு மாத்திரை மாற்றினால் ஒரு மாதம் கழித்து அவர் திரும்பி வருவார், சரியாயிற்றா என்று கண்ணால் பார்ப்பேன். உங்கள் பாயில் படுத்தவர் டிஸ்சார்ஜ் ஆன பிறகு என்ன ஆனார் என்று உங்களுக்குத் தெரியுமா?

நைட்டியூட்டி

பாதிப் பேர் தெரியாது. சரி, அது குறைதான்.

ஒன்று சேர்த்துச் சொல்கிறேன். எல்லா டி.என்.பி. இடமும் உங்களுடையது மாதிரி இல்லை. என் பேட்ச் தோழி ஒருத்தி ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்ந்தாள். மூன்று வருஷமும் டிஸ்சார்ஜ் சம்மரி டைப் அடித்ததுதான் பயிற்சி என்பாள். கேத் லேபில், இதய ரத்தக்குழாய் அடைப்பைப் பார்க்கும் அறையில், கண்ணாடிக்கு வெளியே நின்று பார்க்கலாம், அவ்வளவுதான். எல்லா எம்.டி. இடமும் என்னுடையது மாதிரியும் இல்லை. ஆய்வுக்கு வருகிற நாளில் மட்டும் கட்டில் நிறைகிற கல்லூரிகள் உண்டு. இவை எதுவும் போர்டில் தெரியாது.

மறுபடியும்_முதல்வருஷம்

வேலை நேரம் பற்றியும் ஒரு வரி. அமெரிக்காவில் 1984இல் லிபி சயான் என்ற 18 வயதுப் பெண் நியூயார்க் மருத்துவமனை ஒன்றில் இறந்துபோனாள். தூக்கமில்லாத பயிற்சி டாக்டர்கள் பார்த்ததால்தான் என்று அவள் அப்பா வழக்குப் போட்டுப் போராடினார். கடைசியில் 2003இல் நாடு முழுக்க வாரத்துக்கு 80 மணி நேரம் என்று வரம்பு வந்தது. 80 என்பதே வரம்பு என்றால் அதற்கு முன்னால் எப்படி இருந்திருக்கும் பாருங்கள். இந்தியாவில்?

நைட்டியூட்டி

இந்தியாவில் 1992இலேயே மத்திய அரசு ஆணை இருக்கிறது. வாரம் 48 மணி நேரம், ஒரே மூச்சில் 12 மணி நேரத்துக்கு மேல் கூடாது. நான் தொடர்ந்து 36 மணி நேரம் டியூட்டி பார்த்து முடித்த ஒரு நாளில், அதே டியூட்டி அறையில்தான் அந்த ஆணையைப் பற்றி முதன்முதலாகப் படித்தேன். படித்து முடிக்கவில்லை, தூங்கிவிட்டேன்.

ராஜபாளையத்தார்

எல்லோருக்கும் நன்றி. என் முழங்காலைத் தவிர எல்லாம் பேசிவிட்டீர்கள். ஊரில் போர்டைப் பார்த்து இனி எப்படி நம்புவது? கண் டாக்டர் போர்டிலேயே இன்னும் நாலைந்து எழுத்து இருக்கும், எனக்கு டி.ஓ. மட்டும்தான் தெரியும்.

டிரஸ்ட்_ஆஸ்பத்திரி

ஐயா, எழுத்தை விடுங்கள், நம்பரைப் பாருங்கள். மருத்துவக் கவுன்சில் பதிவு எண்ணை கிளினிக்கிலும் மருந்துச் சீட்டிலும் போட வேண்டும் என்று 2002ஆம் வருஷ விதியே இருக்கிறது. அந்த எண்ணையோ பெயரையோ தமிழ்நாடு மெடிக்கல் கவுன்சில் இணையதளத்தில் போட்டுத் தேடலாம். சித்த மருத்துவர்களுக்குப் பதிவேடு தனி.

அப்புறம், சர்க்கரை டாக்டர் என்று போர்டு பார்த்தால் அதற்கு முன்னால் என்ன படித்தார் என்று பாருங்கள். டயபடாலஜி என்ற பெயரில் சில மாதச் சான்றிதழ்ப் படிப்பும் உண்டு, இரண்டு வருஷ டிப்ளமாவும் உண்டு. எம்.டி. முடித்துவிட்டு அந்தச் சான்றிதழ் வாங்கியவரும் இருப்பார், எம்.பி.பி.எஸ். முடித்ததும் வாங்கியவரும் இருப்பார். போர்டில் இருவரும் ஒரே உயரம். உங்கள் கண் டாக்டரின் டிப்ளமாவைக் குறைவாக நினைக்க வேண்டாம். ரொம்ப காலம் தமிழ்நாட்டுத் தாலுகா ஆஸ்பத்திரிகளைத் தாங்கியது டி.சி.ஹெச். (குழந்தை), டி.ஜி.ஓ. (மகப்பேறு), டி.ஏ. (மயக்க மருந்து), டி.ஓ. போன்ற இரண்டு வருஷ டிப்ளமாக்காரர்கள்தான். அந்த இடங்களில் பெரும்பாலானவற்றைப் பிறகு எம்.டி., எம்.எஸ். இடங்களாக மாற்றிவிட்டார்கள்.

மானிப்பாயான்

ஐயா, நாளைக்குத்தானே வியாழன்? போய்ட்டு வந்து எழுதுங்கோ.

ராஜபாளையத்தார்

போய்விட்டு வந்தேன்.

டாக்டர் அம்மாவுக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். முதல் பத்து நிமிஷம் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டே கேள்வி கேட்டார். நான் மனதுக்குள் அவ்வளவுதான் என்று நினைத்தேன். பிறகு எழுந்து வந்து, செருப்பைக் கழற்றச் சொல்லி, அறைக்குள் நடக்கச் சொன்னார். முழங்காலைத் தொடவே இல்லை. இடுப்பில் கை வைத்து அழுத்தினார். தொடையின் வெளிப்பக்கமாக விரலால் அளந்துகொண்டே வந்து ஓர் இடத்தில் நிறுத்தினார். உயிர் போனது. "இதுதான்" என்றார். மூட்டு தேய்ந்திருப்பது வயசுக்குத் தக்க அளவுதான், இடுப்புத் தசை பலவீனமாக இருப்பதால் முழங்கால் சுமை தாங்குகிறது என்று மகள் வழியாகச் சொன்னார். எக்ஸ்ரே இப்போது வேண்டாம் என்றுவிட்டார். மூன்று பயிற்சி சொல்லிக் கொடுத்தார், ஒன்று சுவர் ஓரமாகப் படுத்துக்கொண்டு காலைத் தூக்குவது. முருங்கைக்காய் வடிவத்தில் ஒரு ரப்பர் பட்டை கொடுத்திருக்கிறார்கள்.

கிளம்பும்போதுதான் வேடிக்கை. நான் ஊரிலிருந்து கொண்டுவந்த ஃபைலைப் புரட்டிக்கொண்டிருந்தார். கண்புரை ஆபரேஷன் டிஸ்சார்ஜ் சீட்டு வந்ததும் நிறுத்தி, கீழே கையெழுத்தையும் பெயரையும் கிட்டத்தில் வைத்துப் பார்த்தார். பிறகு மகளிடம் ஆச்சரியமாகக் கேட்டார்: "உங்கள் ஊரிலும் டி.ஓ. இருக்கிறார்களா? கண் ஆபரேஷன் கூடச் செய்கிறார்களா?"

மகள் சிரிப்பை அடக்கிக்கொண்டு "அது அங்கே வேறு" என்றாள்.

சும்மா_பார்ப்பவன்

முழங்கால் எப்படி இருக்கிறது சார்?

ராஜபாளையத்தார்

இறங்கும்போது இன்னும் குத்துகிறது. ஆறு வாரம் ஆகும் என்றிருக்கிறார். இன்று இரண்டாவது நாள், பட்டையைப் பேரன் எடுத்துக்கொண்டு போய்விட்டான்.